அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா? – மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்த அழுத்தமும் ஒரே குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக வருவது பரம்பரையாலா என்பதே நான்கிலும் உள்ள கவலை. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கும் சற்று விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. ஒன்பது ஆண்டுகளாக இனிப்பு நீர் இருக்கிறது. மெட்ஃபோர்மின் சாப்பிட்டு வருகிறேன். அண்மையில் அரசாங்கக் கிளினிக்கில் ரத்த அழுத்தம் இரண்டு முறையும் 148/92 என்று வந்ததால் பெரிண்டோபிரில் மாத்திரையும் கொடுத்தார்கள். என் அம்மா பக்கவாதத்தில் காலமானார். அண்ணனுக்கு இதே இரண்டு நோயும் இருந்து, இப்போது வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் செய்கிறார். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்த முகவர் ஒருவர், எச்சிலை எடுத்து மரபணுச் சோதனை செய்தால் பிரஷர் மரபணு இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இல்லையென்றால் மாத்திரையே தேவையில்லை என்கிறார். 900 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். மகளின் படிப்புக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுக்க வேண்டும். செய்து பார்க்கலாமா?
– மு.லெ., சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைத் தொட வேண்டாம், மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். முகவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையாக இருப்பதால்தான் மறு பாதியையும் நம்பத் தோன்றுகிறது. எனவே காரணத்தை முழுமையாக எழுதுகிறேன்.

ரத்த அழுத்தத்துக்கும் பரம்பரைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. மனிதருக்கு மனிதர் காணப்படும் ரத்த அழுத்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பிறவியில் வருவது என்று இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இந்தப் பங்கு ஒரே ஒரு 'பிரஷர் மரபணு'வில் அடங்கியிருக்கவில்லை. 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை ஒப்பிட்டு 2018இல் வெளியான பெரிய ஆய்வோடு சேர்த்து, ரத்த அழுத்தத்துடன் தொடர்புடையவை என்று அறியப்பட்ட மரபணு இடங்கள் 901 ஆயின. அதன் பிறகும் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. அவற்றில் ஒவ்வொன்றும் தனியாக ஏற்றி இறக்குவது, பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கும் (ரத்த அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவு. உங்கள் 148ஐ 147 ஆக்கும் அளவுகூட இல்லை. அந்தப் பெரும் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களை வைத்துக் கூட்டிப் பெற்ற 'ஆபத்து மதிப்பெண்' நம் வம்சாவளியினருக்கு அதே துல்லியத்துடன் பொருந்துவதில்லை.

நீரிழிவு உள்ளவர்களிடம் மிக அதிகமாக ஆராயப்பட்ட மாறுபாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏசிஇ என்னும் நொதியை உண்டாக்கும் மரபணு, 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஓரிடத்தில் சிலருக்கு 287 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருக்கும், சிலருக்கு இராது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதிகள் இருப்பதால், இரண்டிலும் துண்டு உள்ளவர், ஒன்றில் மட்டும் உள்ளவர், இரண்டிலும் இல்லாதவர் என மூன்று வகையினர் உண்டு. இரண்டிலும் துண்டு இல்லாதவர்களின் ரத்தத்தில் இந்த நொதி, இரண்டிலும் உள்ளவர்களைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பதை 1990இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ரத்தக் குழாய்களை இறுக்கி, சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும்படி செய்கிற ஆஞ்சியோடென்சின் 2 என்னும் பொருளைத் தயாரிப்பது இந்த நொதியே. அப்படியானால் நொதி மிகுந்தவருக்கு அழுத்தமும் மிக வேண்டும் அல்லவா? உலகமெங்கும் நடந்த ஆய்வுகளில் அவ்வாறு தெளிவாக வரவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவே இல்லை. மலேசியாவிலும் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள நம் நாட்டவரிடம் இதே மாறுபாட்டை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஏன் தெளிவாக வரவில்லை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதாக விளக்கலாம். ரப்பர் ஆலையில் ஷீட் அடிக்கும் இயந்திரம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தாலும், மழையால் பால் வெட்டு நின்றுபோன நாளில் ஷீட் கூடுதலாக வராது. வருகிற பாலின் அளவுதான் கணக்கைத் தீர்மானிக்கும். உடலில் அந்தப் பால் வரத்தைத் தீர்மானிப்பது சிறுநீரகம் சுரக்கும் ரெனின். ஏசிஇ என்ற இயந்திரம் கூடுதலாக இருந்தால், உடல் ரெனினைக் குறைத்துச் சமன் செய்துகொள்கிறது. ஆனால் நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகத்துக்குள் இந்தச் சமன்பாடு பிசகிவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ஏற்கெனவே அழுத்தம் கூடியிருக்கும் நிலையில், மிகுதியான நொதி அங்கேயே கேடு செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த மாறுபாட்டுக்கு ரத்த அழுத்தத்தோடு உள்ளதைவிட, நீரிழிவால் வரும் சிறுநீரகப் பாதிப்போடு தொடர்பு கூடுதலாகத் தெரிவதும் இதனால்தான். அந்தத் தொடர்பும் மிதமானதே. ஒருவரைப் பார்த்து 'உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகும்' என்றோ 'ஆகாது' என்றோ சொல்ல அது போதாது.

மரபணு எதுவாக இருந்தாலும், நீரிழிவே ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோய் என்பதை முகவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ரத்தத்தில் இன்சுலின் மிகும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது; சர்க்கரை படிந்து ரத்தக் குழாய்களின் சுவர் விறைக்கிறது; வடிகட்டிகள் பழுதாகத் தொடங்கினால் அழுத்தம் மேலும் ஏறி, அந்த அழுத்தமே வடிகட்டிகளை மேலும் கெடுக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டில் புதிதாக டயலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவால் அந்த நிலைக்கு வந்தவர்கள். உங்கள் அண்ணனின் நிலையை நேரில் பார்ப்பதால் இதன் பொருள் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

இனி, மாத்திரை பலன் தருமா என்ற கேள்வி. பிரிட்டனில் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்த 1,148 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 1998இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. ஒரு குழுவில் ரத்த அழுத்தம் சராசரி 154/87 ஆகவும், கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட்ட குழுவில் 144/82 ஆகவும் இருந்தது. வேறுபாடு வெறும் 10/5. ஆனால் இரண்டாம் குழுவில் நீரிழிவு தொடர்பான மரணங்கள் 32 சதவிகிதமும் பக்கவாதம் 44 சதவிகிதமும் குறைந்தன. இவர்களில் யாருக்கும் மரபணுச் சோதனை செய்து பார்த்து மருந்து கொடுக்கவில்லை. அழுத்தத்தை அளந்தார்கள், குறைத்தார்கள். உங்களுக்குத் தரப்பட்டுள்ள பெரிண்டோபிரில், மேலே சொன்ன ஏசிஇ நொதியையே தடுக்கும் மருந்து. நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே அது உங்களுக்கு மிகப் பொருத்தமான மருந்து.

ஒரு மரபணு மாறுபாடு 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைக்கிறது என்றேன். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், நாளொன்றுக்கு உண்ணும் உப்பில் 4 கிராம் அளவைக் குறைத்தால் மேல் அழுத்தம் 5 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. மலேசியப் பெரியவர்கள் சராசரியாக 8 கிராமை ஒட்டி உண்கிறார்கள். நம் சமையலறையில் அது எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்: கருவாடு, நெத்திலி, உப்பு முட்டை, ஊறுகாய், அப்பளம். இவை தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) குளிர்பெட்டி இல்லாத காலத்துத் தேவைகள். பால் வெட்டி, வெயிலில் வியர்வை கொட்டிய உடலுக்கு அந்த உப்பில் ஒரு பகுதி ஈடாகவும் போயிற்று. இன்று தாமானில் உட்கார்ந்த வேலை. ஆனால் உப்பு குறையவில்லை, அதோடு கிச்சாப்பும் (சோயா சாறு) பாக்கெட் மீயும் (உடனடி நூடுல்ஸ்) சேர்ந்துகொண்டன. பாக்கெட்டின் பின்புறம் சோடியம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் அண்ணனும் நீங்களும் பங்கிட்டுக்கொண்டது மரபணுவை மட்டுமல்ல, ஒரே அடுப்பையும் ஒரே உப்புக் குடுவையையும்கூட.

ஓர் எச்சரிக்கை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பெரிண்டோபிரில் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

உங்களுக்கு இப்போது உண்மையில் தேவையான சோதனைகள் அரசாங்கக் கிளினிக்கிலேயே இருக்கின்றன. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. சிறுநீரில் அல்புமின் புரதம் கசிகிறதா என்ற சோதனையும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யப்பட வேண்டும். அண்ணன் டயலிசிஸ் செய்கிறார் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்; அவர் உங்களைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க அந்த ஒரு வாக்கியம் போதும். முடிந்தால் மேற்கையில் கட்டும் அளவுக் கருவி ஒன்றை வாங்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு காலையிலும் மாலையிலும் அளந்து, ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை கொண்டுபோங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 130/80ஐ ஒட்டி வைத்திருப்பது நோக்கம். உங்களுக்குரிய இலக்கை உங்கள் மருத்துவர் சொல்லுவார்.

கேள்வி: எனக்கு 27 வயது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பா, பெரியப்பா இருவருக்கும் இனிப்பு நீரும் பிரஷரும் உண்டு. அப்பா தம் மாமன் மகளையே திருமணம் செய்துகொண்டார். சொந்தத்தில் கட்டியதால்தான் இந்த நோய்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாத்தா, பாட்டி காலத்தில் யாருக்கும் இது இருந்ததில்லை. நான் இப்போதே சோதிக்க வேண்டுமா?
– கா.ச., சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உறவுக்குள் மணம் செய்வதால் ஆபத்து கூடுவது முக்கியமாக, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான பிரதி வந்தால் மட்டும் வெளிப்படும் அரிய நோய்களில். இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும், நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகளும் வாழ்க்கை முறையும் சேர்ந்து உண்டாக்குபவை. உறவில் மணம் செய்யாத குடும்பங்களிலும் அவை தாராளமாக இருக்கின்றன. உங்கள் பெற்றோரின் திருமணத்தைக் குற்றம் சொல்ல இதில் காரணம் இல்லை.

தாத்தா காலத்தில் இல்லை என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் பாட்டி எப்படி இறந்தார் என்று கேட்டால் 'கால் புண் ஆறவில்லை' என்பார்கள். பக்கத்து லயத்துத் தாத்தாவுக்குக் 'கை கால் விழுந்துவிட்டது'. இன்னொருவர் 'உடம்பெல்லாம் நீர் வைத்து' இறந்தார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், காயத்துக்குக் கட்டுப்போட்டார். எல்லோருக்கும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்து வைத்த காலம் அல்ல அது. மருத்துவம் படித்த பிறகுதான் எனக்கு அந்தச் சொற்களின் பொருள் உறைத்தது: ஆறாத கால் புண் இனிப்பு நீராக இருந்திருக்கலாம், கை கால் விழுந்தது பக்கவாதம், நீர் வைத்த உடம்பு இதயமோ சிறுநீரகமோ கைவிட்ட உடம்பு. நோய் இருந்தது, அதன் பெயர்தான் வீட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் பரிசோதனைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். அத்தை, பெரியம்மா, பெரியப்பா என்று மூத்தவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து, யார் எந்த வயதில் எப்படி நோயுற்றார், யாருக்குக் கால் எடுத்தார்கள், யாருக்குக் கண் மங்கியது, யாருக்கு வாதம் வந்தது என்று அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். வயதை மறக்காமல் கேளுங்கள். 70 வயதில் வந்த வாதத்தைவிட 45 வயதில் வந்தது மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும். எச்சில் சோதனைகள் இன்று தருவதைவிட அந்தத் தாள் உங்களுக்குப் பயன்படும்.

சோதனைக்கு உங்கள் வயது குறைவல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடம் அது 31.4 சதவிகிதம். நம்மவர்களுக்கு உடல் பெருக்கும் முன்பே நோய் வருவதால், உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்று நம் நாட்டில் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தந்தைக்கு நோய் இருந்து, எடையும் கூடியிருந்தால் 18 வயதிலிருந்தே சர்க்கரையைச் சோதிக்கலாம். ரத்த அழுத்தத்தை எல்லோருமே அந்த வயதிலிருந்து அளந்துகொள்ள வேண்டும்.

மரபணுச் சோதனை உண்மையிலேயே தேவைப்படும் குடும்பங்களும் உண்டு. ஒல்லியானவர்களுக்கும்கூட, 25 வயதுக்கு முன்பே, தலைமுறை தோறும் நீரிழிவு வந்தால் அது ஒரே மரபணுவால் வரும் அரிய வகையாக இருக்கலாம். அதில் சிலருக்கு இன்சுலின் ஊசிக்குப் பதிலாக மாத்திரையே போதும் என்று தெரிந்துகொள்ள அந்தச் சோதனை உதவும். மிக இளம் வயதில் அழுத்தம் ஏறி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். இவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவமனை நிபுணர். வாசலுக்கு வரும் முகவர் அல்லர்.

கேள்வி: வயது 66. முன்பு பால்வெட்டுத் தொழிலாளி. இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் உள்ளன. பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல் விடவில்லை. என் உடல்வாகுக்கு அது ஒத்துவராது என்று எண்ணி நிறுத்திவிட்டு, முதுகு வலிக்கும் சேர்த்து ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) சாப்பிடுகிறேன். இருமல் போய்விட்டது. இது சரியா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, நீங்கள் எண்ணியதில் ஒரு பகுதி சரி. உங்களுக்குக் கொடுத்தது ஏசிஇ நொதியைத் தடுக்கும் மருந்தாக இருந்திருக்க வேண்டும். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு அந்த நொதியைத் தடுப்பதை வைத்து ஆய்வு செய்து, 1970களில் கேப்டோபிரில் உருவாக்கப்பட்டது. அந்த வகை மருந்துகள் இன்று கோடிக்கணக்கானோரைக் காக்கின்றன. அதே நொதி பிராடிகினின் என்ற பொருளையும் உடைப்பதால், தடுக்கும்போது அது தேங்கிச் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆசிய நாட்டவரிடம் இந்த இருமல் கூடுதல். பிறவிக் கூறுகளுக்கும் இதில் பங்குண்டு. இதற்கு மருந்தை விட்டுவிடுவது வழியல்ல. லோசார்ட்டன் போன்ற வேறு வகை மருந்து இருமலின்றி அதே பாதையில் வேலை செய்யும். நாளைக்கே கிளினிக்குக்குப் போய் 'இருமலால் நிறுத்தினேன்' என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

ஜாமுவைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. வலிக்கென்று விற்கப்படும் ஜாமு சிலவற்றில் டெக்சாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அது வலியை உடனே போக்கும். சர்க்கரையையும் அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றும். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே அந்தப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளிலும் பல, அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. முதுகு வலிக்கு எது பாதுகாப்பு என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 31 வயது. இனிப்பு நீருக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். இந்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறாள். பேரப்பிள்ளைக்கும் இந்த நோய்கள் போகுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நோய் வரக்கூடிய நாட்டம் பேரப்பிள்ளைக்குப் போகலாம், நோயே வந்துதான் தீரும் என்பதில்லை. அதைவிட அவசரமானது வேறொன்று. பெரிண்டோபிரில், லோசார்ட்டன் ஆகிய இரு வகை மருந்துகளும் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. மகள் கருத்தரிக்கும் முன்பே கிளினிக்கில் தன் விருப்பத்தைச் சொல்லி, கருவுக்குப் பாதுகாப்பான மருந்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. தானாக நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால், அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.